பென்டியம் பெயரை இன்டெல் நிறுத்திவிட்டது. வெறும் "இன்டெல் பிராசசர்" என்று போட்ட லேப்டாப்பை வாங்கலாமா?

கேள்வி: பென்டியம், செலிரான் என்ற பெயர்களே இனி இல்லையாமே? கடையில் "இன்டெல் பிராசசர்" என்று மட்டும் எழுதி விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா? வீட்டில் உள்ள பழைய பென்டியம் என்ன ஆகும்?

வாங்கலாம். ஆனால் ஸ்டிக்கரை நம்பி வாங்காதீர்கள், மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பென்டியம் என்ற பெயர் இருந்தபோதே அதுதான் சரியான வழி.

386, 486 என்று எண்ணையே பெயராக வைத்திருந்த இன்டெல், 1993 மார்ச்சில் பென்டியத்துக்கு மாறியதற்குக் காரணம் உண்டு. எண்ணுக்கு வணிகமுத்திரை உரிமை கிடைக்கவில்லை. போட்டி நிறுவனமான ஏஎம்டியும் தன் சிப்பை 386 என்றே விற்க முடிந்தது. ஐந்தாம் தலைமுறை என்பதால் கிரேக்கத்தில் ஐந்தைக் குறிக்கும் "பென்டே"யிலிருந்து புதுப்பெயர் பிறந்தது. 2000இல் பென்டியம் 4 வந்தபோது அதுதான் இன்டெல்லின் உச்சம். 2006இல் கோர் 2 என்ற புது வரிசை வந்து அந்த இடத்தைப் பிடித்தது. மறு வருடமே பென்டியம் மலிவு விலை வரிசைக்கு இறங்கிவிட்டது.

உண்மையான குழப்பம் 2017இல் தொடங்கியது. கோல்டு, சில்வர் என்று இரண்டு பென்டியம் வந்தன. கோல்டு, கோர் ஐ3 குடும்பத்துச் சிப். சில்வர், இன்டெல்லின் "ஆட்டம்" (Atom) என்ற வரிசை வழி வந்த சின்னச் சிப். கோல்டு ஜி7400இல் பெரிய கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் பகுதி; பெரியது வேகமானது, சின்னது மின்சாரம் மிச்சம் பிடிப்பது) இரண்டு, 3.7 ஜிகாஹெர்ட்ஸ், 46 வாட். சில்வர் என்6000இல் சின்னக் கோர் நான்கு, 6 வாட். இரண்டுக்கும் ஒரே பெயர்! வாங்குபவருக்கு எதையும் சொல்லாத பெயராக அது அப்போதே ஆகிவிட்டது. 2022 செப்டம்பரில் இன்டெல், 2023 முதல் லேப்டாப்புகளில் பென்டியமும் செலிரானும் இருக்காது, இரண்டுக்கும் பதில் "இன்டெல் பிராசசர்" என்று அறிவித்தது. பெயரை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அதன் இடத்தில் ஒன்றுமே சொல்லாத பெயரை வைத்ததுதான் தவறு என்பேன்.

எவ்வளவு தவறு என்பதற்கு 300 என்ற ஓர் எண் போதும். "பிராசசர் 300" டெஸ்க்டாப் சிப்: பெரிய கோர் இரண்டு, 46 வாட். "பிராசசர் யு300" லேப்டாப் சிப்: பெரியது ஒன்று, சின்னது நான்கு, 15 வாட். "கோர் ஐ3-என்300" எட்டும் சின்னக் கோர், 7 வாட். ஆகவே எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தை விடாமல் படியுங்கள். "என்" என்றிருந்தால், கோர் ஐ3 என்று போட்டிருந்தாலும் எல்லாமே சின்னக் கோர்தான். ஐ3-1215யு வேறு ரகம்: பெரியது இரண்டு, சின்னது நான்கு. விலை நெருங்கி வந்தால் யோசிக்காமல் இதை எடுங்கள்.

அதற்காக "இன்டெல் பிராசசர்" பெயரில் வரும் என்100ஐ மட்டம் தட்டிவிடவும் முடியாது. நான்கு கோர், 3.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை, 6 வாட். பாடம், பிரவுசர், கணக்கு, வீடியோவுக்குத் தாராளம். பழைய சில்வர் என்6000இல் இல்லாத இரண்டு வசதிகள் இதில் உண்டு: ஏவிஎக்ஸ்2 (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி), அப்புறம் ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை சிப்பே பிரித்துக் காட்டும் திறன். யூடியூப் இப்போது பல வீடியோக்களை ஏவி1இல் அனுப்புகிறது. பழைய சிப்பில் அந்த வேலை முழுக்க கோர்களின் தலையில் விழுவதால்தான் ஃபேன் இரைகிறது, படம் திக்குகிறது.

இந்த வகை லேப்டாப்பில் ஆட்களைப் படுத்துவது பெரும்பாலும் பிராசசர் அல்ல, கூட வரும் ராமும் ஸ்டோரேஜும். என்100க்கு மெமரி சேனல், அதாவது ராமுக்குப் போகும் பாதை, ஒன்றுதான். இன்டெல் சொல்லும் உச்சவரம்பு 16 ஜிபி. பல மாடல்களில் 4 ஜிபியை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட வழியில்லை. 64 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே பதித்த மலிவு ஸ்டோரேஜ்) அப்படித்தான்: கழற்ற முடியாது, விண்டோஸ் அப்டேட்களில் சீக்கிரம் நிரம்பிவிடலாம், பிறகு அப்டேட் ஏற இடமிருக்காது. 8 ஜிபி ராம், கழற்றக்கூடிய 256 ஜிபி எஸ்எஸ்டி, இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

கடையில் டெமோ மெஷினை ஆன் செய்யச் சொல்லி கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு. வலப்பக்க மேல்மூலையில் முழு மாடல் எண், கீழே கோர் எண்ணிக்கை. அப்படியே மெமரிக்குப் போங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று வந்தால் ராம் சால்டர் செய்தது. "சோடிம்" என்று வந்தால் பெரும்பாலும் கழற்றி மாற்றலாம். அரை நிமிட வேலை. பெட்டி மேல் எழுதியிருப்பதை விட இந்தத் திரையை நம்பலாம்.

வீட்டில் இருக்கும் பென்டியத்துக்குப் பெயர் போனதால் எந்தப் பாதிப்பும் இல்லை. டிரைவர், வாரன்ட்டி எல்லாம் மாடலைப் பொறுத்தவை. கவனிக்க வேண்டியது வேறு: விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பட்டியலில் கோல்டு ஜி5400, சில்வர் என்5000 இரண்டும் இருக்கின்றன. ஜி4560, என்4200 இல்லை. பட்டியலில் இல்லாததில் குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றாதீர்கள், அப்டேட் கிடைக்கும் என்ற உத்தரவாதமில்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். உள்ளே இன்னும் ஹார்டு டிஸ்க் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி மாட்டுங்கள். லேப்டாப் என்றால் 7 மில்லிமீட்டர் தடிமனா என்று பார்த்து வாங்குங்கள், அதைவிடத் தடித்தது சில மாடல்களில் உள்ளே போகாது.