"இந்தியாவிலேயே பதினொண்ணுதான் இருக்கு": யார் எண்ணினார்கள்?

கேள்வி: பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். அப்பா ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு கேஸல் ஓட்டியவர். அதே மாதிரி ஒரு கார், 1974 மாடல், பழைய பாலக்காட்டு கே.எல்.பி. நம்பரோடு பொள்ளாச்சியில் விலைக்கு நிற்கிறது. "இந்தியாவிலேயே பதினொரு கேஸல்தான் மிச்சம், அதனால்தான் இந்த விலை, வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் போட்டுருங்க" என்கிறார் புரோக்கர். இந்தப் பதினொன்று உண்மையா, எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: உண்மை இல்லை. எண்ணிக்கை அதைவிடக் கூடுதலா குறைவா என்பது வேறு விஷயம். அப்படி ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கவே முடியாது என்பதுதான் விஷயம். பழைய கார்களுக்கு மதிப்புப் போடுவது என் தொழில், இந்த எண் விளையாட்டு எனக்குப் பழகிப்போன ஒன்று. ஐந்து என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஐம்பது என்றால் விலை ஏறாது. பத்து என்றால் குத்துமதிப்பாகச் சொன்ன மாதிரி தெரியும். பதினொன்று என்றால் யாரோ ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி ஒரு கெத்து வந்துவிடுகிறது.

கேஸல் அபூர்வமான கார்தான், அதை நான் மறுக்கவில்லை. சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டு என்ற காரைச் செய்தது, அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாற்றி 1972-இல் கேஸல் ஆக்கினார்கள், 1977-இல் நிறுத்தினார்கள். இன்ஜின் அதே 948 சிசி. அம்பாசடரும் பியட்டும் ஓடிய ரோட்டில் இது ஓடியது சொற்பம்.

சரி, எத்தனை மிச்சம் என்று அரசாங்கப் பதிவைப் பார்த்தால் தெரியாதா? இங்கிலாந்தில் தெரியும். அங்கே எந்த மாடல் எத்தனை ரோட்டில் ஓடுகிறது, எத்தனை ஷெட்டில் நிற்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறார்கள், காரை ஓட்டாமல் வீட்டில் நிறுத்தினால்கூட எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 1998-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம்மிடம் வாஹன் என்ற அரசாங்கக் கம்ப்யூட்டர் பதிவு இருக்கிறது. ஆனால் 1974-இல் மையால் எழுதிய ரிஜிஸ்டரில் இருக்கிற கார், யாராவது ஏதாவது ஒரு வேலைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவை ஏற்றுவது) போடச் சொன்னால்தான் கம்ப்யூட்டருக்குள் வரும், அதுவும் கம்பெனி பெயர் ஒரு மாதிரி, மாடல் பெயர் வேறு மாதிரி, சில சமயம் வெறும் 'கார்' என்று மட்டும் ஏறியிருக்கும், அதில் கேஸல் என்று தேடி என்ன கிடைக்கும்? ரிஜிஸ்டரைக் கரையான் தின்ற ஆபீஸும் உண்டு. உடைத்துப் போட்ட காரைப் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய இரும்புக்குப் போட்ட காசில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் எவன் அங்கே போய் எழுதிக் கொடுக்கிறான்? ஆகவே செத்த கார்கள் பதிவில் உயிரோடு இருக்கின்றன. உயிரோடு இருக்கிற கார்கள் பதிவில் இல்லை, ஏனென்றால் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 வரை 600 ரூபாய்தான் இருந்தது, அந்த வருஷம் 5,000 ஆனது, இருபது வருஷத்தைத் தாண்டிய காருக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். ஓடாத காருக்கு இவ்வளவு கட்ட யாருக்கு மனசு வரும்? தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுகிறார்கள்.

இதிலும் நம்ம எல்லைப் பகுதியின் கதை தனி. உங்கள் காருக்கே இது பொருந்தும் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஒரு கார் 1974-இல் பாலக்காட்டில் கே.எல்.பி. நம்பரில் பதிவாகிறது. அப்புறம் கோபாலபுரம் எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சி ஆள் வாங்கிப் போகிறார். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்க வேண்டும், அதற்குப் பாலக்காட்டில் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபம் இல்லை என்ற சான்று, வேண்டும். ஒழுங்கான ஆள் அதை வாங்கிப் புது நம்பர் போட்டுவிடுவார். பாலக்காட்டு ரிஜிஸ்டரில் பழைய பக்கம் அப்படியே இருக்கும், கிளார்க் நல்லவராக இருந்தால் ஓரத்தில் ஒரு சிவப்பு மைக் குறிப்பு இருக்கும், இல்லையென்றால் அதுவும் இருக்காது. இப்போது நம்பரை வைத்து எண்ணுகிறவனுக்கு ஒரே கார் இரண்டு கார். அடுத்த ரகம், என்.ஓ.சி. மட்டும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, இந்தப் பக்கம் பதிவு செய்யாமலே விட்டது. பாலக்காட்டைக் கேட்டால் 'போய்விட்டது' என்பார்கள், பொள்ளாச்சியைக் கேட்டால் 'வரவில்லை' என்பார்கள், கார் நடுவில் எங்கோ தோட்டத்துச் சாளையில் கோழி அடைந்துகொண்டு நிற்கும். எண்ணினால் பூஜ்யம். மூன்றாவது ரகம்தான் இங்கே அதிகம்: எதையுமே செய்யாமல் கே.எல்.பி. தகட்டோடு தமிழ்நாட்டில் வருஷக்கணக்காக நிற்பது. உங்கள் கார் இரண்டாவதா மூன்றாவதா என்று முதலில் கேளுங்கள். மூன்றாவது என்றால் உங்களுக்கு லாபம், நீங்கள் பாலக்காடு ஜில்லாக்காரர், என்.ஓ.சி. அலைச்சலே இல்லாமல் பெயர் மாற்றமும் புதுப்பித்தலும் நம்ம சித்தூர் ஆபீஸிலேயே ஆகிவிடும் (ஆந்திரா சித்தூரை நினைத்துப் பயப்பட வேண்டாம்). இரண்டாவது என்றால், என்.ஓ.சி. ரத்துக்குப் பழைய சொந்தக்காரர்களைத் தேட வேண்டி வரும், அதில் ஒருவர் இறந்துபோயிருப்பார், வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள்.

ஆகவே நம்பர் பிளேட்டை வைத்து எண்ணாதீர்கள். சேஸிஸ் நம்பரை, அதாவது கம்பெனி காருக்கே போட்ட எண்ணை, வைத்துத்தான் எண்ண வேண்டும்.

மதிப்பிட ஒரு வழி இருக்கிறது, பெரிய கணக்கு தேவையில்லை. குளத்தில் மீன் எத்தனை என்று பார்க்க வலை வீசி, பிடித்ததற்கெல்லாம் அடையாளம் போட்டுத் திரும்ப விடுவார்கள், அடுத்த தடவை வீசும்போது எத்தனை அடையாள மீன் வருகிறது என்று பார்ப்பார்கள். காருக்கும் அதுதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பட்டியல் வேண்டும். ஒன்று, பழைய கார் ராலிக்கு வருகிறவர்கள், கிளப்காரர்கள் வைத்திருக்கும் கார்கள். இன்னொன்று, ஹெரால்டு வேலை தெரிந்த பழைய மெக்கானிக்குகளும் ஸ்பேர் கடைக்காரர்களும் சொல்லும் கார்கள். முதல் பட்டியலில் 20, இரண்டாவதில் 15, சேஸிஸ் நம்பர் ஒத்துப்போவது 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-ஐ 15-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 60. ஒத்துப்போவது 3 மட்டும் என்றால் அதே பட்டியலுக்கு 100. இரண்டே இரண்டு கார் தவறினால் விடை அறுபதிலிருந்து நூறுக்குத் தாவுகிறது, இந்த முறைக்கே இவ்வளவு ஆட்டம் இருக்கும்போது பதினொன்று என்று ஆணி அடித்த மாதிரி சொல்கிறவரை என்ன செய்வது? ராலிக்கு வருகிற ஆட்கள்தான் அந்த மெக்கானிக்கிடமும் போகிறார்கள் என்றால் ஒத்துப்போவது கூடிவிடும், விடை நிஜத்தைவிடக் குறைவாக வரும். தோப்பு வீட்டில் மூடிக் கிடப்பது இரண்டு பட்டியலிலுமே இருக்காது. பெரும்பாலும் வெளியே சொல்லப்படுகிற எண்ணிக்கைகள் குறைவாகவே இருப்பதற்கு இதுதான் காரணம், அது விற்கிறவனுக்குச் சௌகரியமாகவும் இருக்கிறது.

சேஸிஸ் நம்பரைப் பார்த்து எத்தனை கார் செய்தார்கள் என்றுகூடக் கணக்குப் போடலாம். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் டாங்கிகளின் நம்பர்களை வைத்து மாதத்துக்கு 246 செய்கிறார்கள் என்று நேச நாட்டுப் புள்ளியியல்காரர்கள் சொன்னார்கள், உளவாளிகள் சொன்னது 1,400, போர் முடிந்து பதிவேட்டைப் பார்த்தால் 245. ஆனால் அது செய்த எண்ணிக்கை. மிச்சம் இருக்கிற எண்ணிக்கைக்கு அது உதவாது, இரண்டையும் குழப்பிப் பேசுகிற புரோக்கர்கள் உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் பணத்துக்கு முக்கியமான கேள்வி வேறு. பதினொன்றோ நூறோ, நிற்கிற கார் கேஸல்தானா? ஹெரால்டு குடும்பத்தில் சேஸிஸ் தனி, பாடி தனி, போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பழைய கேஸல் பேப்பரும் துருப்பிடித்த தகடும் ஒரு பக்கம் விலைக்குக் கிடைக்கும், நல்ல ஹெரால்டு இன்னொரு பக்கம் கிடைக்கும், இரண்டையும் ஒரு பட்டறையில் சேர்த்தால் 'அபூர்வ' கார் ஒன்று பிறந்துவிடும். பின்பக்கம் ஜாக்கி வைத்து இரண்டு சக்கரமும் தரையை விட்டுக் கிளம்புகிற மாதிரி தூக்கச் சொல்லுங்கள். ஹெரால்டில் பின் சக்கரங்களின் அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கும். அந்த அமைப்பு நம்ம மெக்கானிக்குகளுக்கே பிடிக்காது என்பதால் கேஸலில் அதை மாற்றி இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே ஆக்சில் போட்டார்கள், ஆகவே அதில் சக்கரம் நேராகவே நிற்கும். மடங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து பென்சில் பிரிண்ட். புரோக்கர் வாட்ஸப்பில் அனுப்பியது வேண்டாம், நீங்களே மெல்லிய பேப்பரை நம்பர்மேல் வைத்து பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து எடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழ வேண்டும். ஓர் எண் மட்டும் கறுத்து, பக்கத்து எண் மங்கி, சுற்றிலும் கிரைண்டர் கோடு விழுந்தால் அது புதுசாகப் பஞ்ச் அடித்தது. தகடு என்றால் ரிவெட்டைப் பாருங்கள். ஐம்பது வருஷத் துருவுக்கு நடுவில் பளபளக்கும் அலுமினிய ரிவெட், நடுவில் ஊசி நுழைந்த ஓட்டை, போன மாதம் அடித்ததாக இருக்கும். தேய்த்து எடுத்த நம்பரை ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பார்த்து, பாலக்காட்டு ஆபீஸில் ரிஜிஸ்டர் நகல் கேட்டு மனு கொடுங்கள். கிடைக்க நாளாகும், இரண்டு மூன்று தடவை 'ரெக்கார்டு ரூம் சாவி வைத்திருப்பவர் லீவு' என்பார்கள், போய்க்கொண்டே இருங்கள்.

நகல் வருவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும், போகட்டும். விலை ஏன் அப்படி என்று கேட்டால் எண்ணிக்கையைக் காட்டுவார். கேஸல் விலைக்கு எண்ணிக்கை பெரிய காரணமே இல்லை. கண்ணாடி, முன் கிரில், பின் விளக்கு மாதிரி கேஸலுக்கே உரிய சாமான்கள் முழுசாக இருக்கிறதா என்பதுதான் காரணம், ஏனென்றால் அவை உடைந்தால் சென்னைப் புதுப்பேட்டையிலும் தேடி அலைய வேண்டும். கார் குறைவு என்றால், வாங்குகிறவனும் குறைவு.

புரோக்கர் அடுத்து என்ன சொல்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: "ஐம்பது வருஷம் ஆயிடுச்சு, வின்டேஜ் வி.ஏ. நம்பர் போட்டுத் தரேன், தனியா ஒரு தொகை கொடுங்க." 2021 விதிப்படி வி.ஏ. சீரிஸ் புதிதாகப் பதிவு செய்யும் வின்டேஜ் வண்டிக்கு, கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் காருக்குக் கே.எல்.பி. நம்பர் இருக்கிறது, அதை விட்டுவிட்டு வி.ஏ.க்குக் காசு கொடுப்பது வீண். வின்டேஜ் ஆக்கிவிட்டால் ராலி, கண்காட்சி, பெட்ரோல் போட, பட்டறைக்குப் போக என்றுதான் ரோட்டில் எடுக்கலாம், தினமும் தோப்புக்கும் சந்தைக்கும் ஓட்ட முடியாது. அப்பா மாதிரி ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் சாதாரணப் புதுப்பித்தலே போதும்.