0.052 என்பதற்காக இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள என் அப்பா, சல்மெட்டரோலும் புளூட்டிகசோனும் சேர்ந்த இன்ஹேலரைப் பாவிக்கிறார். இம்மருந்து உயிரிழப்பைக் குறைப்பதாக 2007இல் வெளியான பெரிய ஆய்வில் நிரூபணமாகவில்லை என்றும் பி-பெறுமானம் 0.052 என்றும் வாசித்தேன். நிறுத்திவிடலாமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: அந்த எண்ணுக்காக நிறுத்த வேண்டாம்.

நீங்கள் குறிப்பிடுவது டோர்ச் ஆய்வு. ஏறத்தாழ 6,100 நோயாளர்களை மூன்று ஆண்டுகள் கண்காணித்த அதில், போலி மருந்து பெற்றோரில் 15.2 சதவீதத்தினரும் இக்கூட்டு மருந்தைப் பெற்றோரில் 12.6 சதவீதத்தினரும் இறந்தனர். மருந்தால் உயிரிழப்பில் எந்த மாற்றமும் இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட, இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகவே நூற்றுக்கு ஐந்து தடவைக்குச் சற்றுக் கூடுதலாகத் தோன்றக்கூடும் என்பதே 0.052இன் பொருள். மருந்து பயனற்றது என்பதற்கான நிகழ்தகவாக அதை வாசிக்கக் கூடாது.

பி-பெறுமானம் 0.05க்குக் குறைவாக இருந்தால்தான் முடிவை நிரூபணமானதாகக் கொள்வது ஆய்வுலக வழக்கம். இந்த 0.05 என்ற எல்லை, புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925இல் வசதி கருதி முன்வைத்தது. பல்கலைக்கழக அனுமதிக்கு வெட்டுப்புள்ளி தேவைதான். ஆனால் அதை மயிரிழையில் தவறவிட்ட பிள்ளைக்குப் பாடமே தெரியாது என்று எந்தப் பெற்றோரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். 0.048 என வந்திருந்தாலும் சான்றின் வலு ஏறக்குறைய இதேதான்.

இந்த எண்ணைக் காட்டி ‘கிட்டத்தட்ட நிரூபணமாகிவிட்டது’ என்று சொல்வோரும் உண்டு; அதுவும் எனக்கு உடன்பாடில்லை. போலி மருந்துடன் ஒப்பிட்ட இறப்பு ஆபத்து விகிதத்தின் (1 என்றால் வேறுபாடில்லை) 95 சதவீத நம்பிக்கை ஆயிடை, தரவுடன் பொருந்திப்போகும் பெறுமானங்களின் வீச்சு, 0.681 முதல் 1.002 வரை நீள்கிறது. அதாவது, ஆபத்து மூன்றிலொரு பங்கு வரை குறைந்திருக்கலாம், மாறாமலே இருந்திருக்கவும் கூடும். இரண்டுக்கும் இத்தரவு இடந்தருகிறது.

உங்கள் அப்பாவின் விடயத்தில் இதைவிட முக்கியமான முடிவுகள் அதே ஆய்வில் உள்ளன. நோய் திடீரென மோசமாகும் தடவைகள் சுமார் கால்பங்கு குறைந்தன. நியூமோனியாவோ போலி மருந்து பெற்றோரில் 12.3 சதவீதமாகவும் இக்கூட்டு மருந்தில் 19.6 சதவீதமாகவும் இருந்தது. இவ்விரண்டிலும் பி-பெறுமானம் 0.001க்கும் குறைவு.

ஆகவே, கடந்த ஆண்டில் அவருக்கு நோய் எத்தனை தடவை மோசமானது, நியூமோனியா வந்ததா என்ற விவரங்களுடன் கிளினிக்குக்குச் சென்று, இரத்தத்தில் இயோசினோபில் என்ற ஒருவகை வெள்ளையணுவின் அளவைப் பற்றியும் கேளுங்கள். அது மைக்ரோலீற்றருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்ஹேலரிலுள்ள ஸ்டீராய்டான புளூட்டிகசோன் பலன்தரும் வாய்ப்பு அதிகம். 100க்குக் கீழ் எனில் குறைவு. அதுவரை இன்ஹேலர் தொடரட்டும், பாவித்தபின் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். காய்ச்சலுடன் சளியின் நிறம் மாறினாலோ மூச்சுத்திணறல் கூடினாலோ, கிளினிக் திகதிக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.