ஸ்டுட்கார்ட்டிலிருந்து கோமோ ஏரிக்கு: கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

தம்பி, நீங்கள் கேட்டிருந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். மார்ச் முதல் வாரத்தில் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்திருக்கிறீர்கள். ஆகஸ்ட் கடைசியில் நண்பர் ஒருவருடைய காரை இரவல் வாங்கி, மனைவியுடன் சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலியின் கோமோ ஏரி வரை போய்வர எண்ணியிருக்கிறீர்கள். உங்களிடம் தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமமும், புறப்படும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருக்கின்றன. ஓராண்டு செல்லும் அனுமதி இருக்கும்போது வேறென்ன வேண்டும், மற்றவற்றைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தால் போதாதா என்பது உங்கள் கேள்வி.

போதாது. அதைவிட முக்கியமாக, அந்த "ஓராண்டு" என்ற சொல்லை நம்பி நீங்கள் கணக்குப் போட்டிருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சர்வதேச அனுமதி என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்தச் சிறு புத்தகம் உரிமம் அன்று. உங்கள் உரிமத்தில் இருப்பதைப் பல மொழிகளில் எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பு மட்டுமே. மூல உரிமம் பக்கத்தில் இல்லையென்றால் அதற்கு மதிப்பே கிடையாது. அதன் அட்டையில் ஓராண்டு என்று அச்சிட்டிருப்பது அந்தப் புத்தகத்தின் ஆயுள். ஜெர்மனியில் குடியேறிவிட்ட ஒருவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டலாம் என்பது வேறு கணக்கு; அது 6 மாதம். இங்கே வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அது எண்ணப்படுகிறது. நகராட்சியில் முகவரி பதிந்தபோது கொடுத்த தாள்தான் பெரும்பாலும் அதற்குச் சான்றாக நிற்கும். ஓராண்டுக்கு மேல் இங்கே தங்கப் போவதில்லை என்று காட்ட முடிந்தவர்கள் 12 மாதம் வரை நீட்டிப்புக் கேட்கலாம். நிரந்தர வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது. இடையில் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள்.

ஆகவே உங்கள் கெடு செப்டம்பர் முதல் வாரத்தில் முடிகிறது. ஆகஸ்ட் கடைசிப் பயணம் அதற்குள் அடங்குகிறது. ஆனால் ஏரிக்கரை பிடித்துப்போய் இன்னும் ஒரு வாரம் தங்கலாம் என்று தோன்றினால், திரும்பி வரும்போது ஜெர்மன் எல்லைக்குள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் உரிமை உங்களுக்கு இருக்காது. இங்குள்ள சட்டம் இரண்டு தவறுகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது. உரிமம் உள்ளவர் அட்டையை வீட்டில் மறந்து வந்தால் 10 யூரோ தண்டம். செல்லத்தக்க உரிமமே இல்லாமல் ஓட்டினால் அது குற்ற வழக்கு. போக்குவரத்துச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். அதே பிரிவு, அப்படிப்பட்டவர் ஓட்ட அனுமதித்த காரின் உரிமையாளரையும் பிடிக்கும் என்பதால், இதில் உங்கள் நண்பரின் தலையும் உருள்கிறது. விபத்து நேர்ந்தால் எதிராளிக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, 5,000 யூரோ வரை உங்களிடம் திரும்பக் கேட்கலாம். காரின் சொந்தச் சேதத்துக்குத் தர மறுக்கவும் கூடும். காப்பீட்டு ஒப்பந்தத்தில் யார் யார் ஓட்டலாம், எந்த வயதுக்கு மேல் ஓட்டலாம் என்று எழுதியிருக்கும். நண்பர் அதைப் பார்த்து, தேவையானால் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டுச் சாவியைக் கொடுப்பதுதான் முறை.

இனிக் காகிதங்களுக்கு வருகிறேன். ஊரில் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ உரிமத்தைத் திறந்து காட்டினால் போலீஸ்காரர் தலையசைத்து அனுப்பிவிடுவார். அந்தப் பழக்கத்தில்தான் படமெடுத்து வைத்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். இங்கே உங்கள் விஷயத்தில் அது எடுபடாது. கைபேசியில் செல்லும் ஐரோப்பிய உரிமத்துக்கு 2025-இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள் என்றாலும், அது எல்லா நாடுகளிலும் நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் பிடிக்கும். வந்தாலும் இந்திய அட்டையின் படத்துக்கு அது பொருந்தப்போவதில்லை. மூல அட்டையைப் பணப்பையில் வையுங்கள். அதனோடு சர்வதேச அனுமதிப் புத்தகத்தையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். இத்தாலியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய உரிமத்துடன் அதையோ அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பையோ கேட்பார்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இதை ஜெர்மன்காரர் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார், சொல்லத் தெரியாது. நம்முடைய உரிமங்களில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து முதலெழுத்தாக நிற்கும். கடவுச்சீட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். இங்கே தரும் தங்கும் அனுமதி அட்டையோ கடவுச்சீட்டைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. நான் உரிமத்தை மாற்றப் போனபோது, சாளரத்துக்கு அப்பால் இருந்த அம்மையார் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை அந்த ஒற்றை எழுத்தின் மேல் வைத்து, "இந்த எஸ் யார்?" என்று கேட்டார். என் அப்பா என்றேன். அவர் இன்னும் குழம்பினார். உரிமத்தில் இன்னாரின் மகன் என்று தனி வரியில் அப்பாவின் பெயர் முழுதாக அச்சாகியிருப்பதைக் காட்டியபிறகே அவர் முகம் தெளிந்தது. அந்த வரி உங்கள் அட்டையிலும் இருக்கும். எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் இரவு நேரத்தில் இந்த விளக்கத்தை அரைகுறை இத்தாலியத்தில் சொல்ல நேராமல் இருப்பதற்காகவே, கடவுச்சீட்டும் உரிமமும் எப்போதும் சேர்ந்தே இருக்கட்டும்.

கடவுச்சீட்டு வேறொரு காரணத்துக்காகவும் வேண்டும். தங்கும் அனுமதி அட்டை உங்களுக்கு, தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் பொதுவாக நீக்கிக்கொண்ட ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை சுற்றிவரும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது கடவுச்சீட்டோடு சேர்ந்தால்தான் செல்லும். எல்லையே இல்லையே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது; சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருந்தாலும் ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தில் இல்லை என்பதால், சுவிஸ் எல்லை நகரமான பாசெல் பக்கம் சுங்கக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டச் சொல்வது எனக்குப் பழகிப்போன காட்சி. மனைவியின் கடவுச்சீட்டையும் அட்டையையும் மறக்க வேண்டாம். ஓட்டாதவர்தானே என்று அவற்றை வீட்டில் விட்டுவருபவர்கள் உண்டு.

அடுத்தது காரின் காகிதங்கள். நம் ஊர் ஆர்.சி. புத்தகத்துக்கு நிகரானது இங்கே இரண்டு பகுதியாக இருக்கும். முதல் பகுதி, ஃபார்ட்சோய்க்ஷைன் என்று பழைய பெயரால் எல்லோரும் சொல்வது, மடித்த சிறு தாள். அதன் மூலப் பிரதி ஓட்டுபவர் கையில் இருக்க வேண்டும். இரண்டாம் பகுதி சொத்துப் பத்திரம் மாதிரி; அதை நண்பர் வீட்டுப் பீரோவை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. முதல் பகுதியைக் காரின் டாஷ்போர்டுப் பெட்டியிலேயே வைத்துவிடும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. திருடனுக்குக் காரோடு காகிதத்தையும் சேர்த்துக் கொடுப்பது போன்றது அது. இறங்கும்போது பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார் உங்கள் பெயரில் இல்லை என்பதால் நண்பரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அவர் பெயர், முகவரி, கடவுச்சீட்டு எண், கார் எண், உங்கள் பெயர், கடவுச்சீட்டு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தெந்த நாடுகளில் ஓட்ட அனுமதிக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும், கீழே கையொப்பம். ஏ.டி.ஏ.சி. என்னும் இங்குள்ள வாகன ஓட்டிகள் கழகம் பல மொழிகளில் இதற்கு மாதிரிப் படிவம் வைத்திருக்கிறது. எல்லா நாடுகளிலும் இது கட்டாயமில்லை, ஆனால் வெளிநாட்டு எண் பலகை, வெளிநாட்டு முகம், வேறொருவர் பெயரில் கார் என்ற மூன்றும் சேரும்போது சந்தேகப்படுபவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

காருக்குக் காப்பீடு இருப்பதை வெளிநாட்டில் காட்டப் பச்சை அட்டை என்று ஒன்று உண்டு. பெயர்தான் பச்சை, 2020 ஜூலை முதல் வெள்ளைத் தாளில் கறுப்பில் அச்சடித்தாலும் செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மன் எண் பலகையே காப்பீட்டுக்குச் சான்று என்பதால் சட்டப்படி அது தேவையில்லை. துருக்கி, வட மாசிடோனியா போன்ற இடங்களுக்குப் போனால் வேண்டும். இருந்தும் நான் ஒவ்வொரு பயணத்துக்கும் அதை அச்சடித்துக்கொள்கிறேன். ஏன் என்பதைக் கொல்மாரில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

நான் 16 ஆண்டுகளாக ஃப்ரைபுர்க்கில் இருக்கிறேன். பிரான்சின் கொல்மார் இங்கிருந்து 50 கிலோமீட்டர் அளவில்தான். 2014 கோடையில் அங்கே ஒரு கடையின் வண்டி நிறுத்தத்தில் பின்னால் எடுக்கும்போது, பின்னால் நின்ற ஒரு முதியவரின் காரை இடித்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். அவர் கோபப்படவே இல்லை. டாஷ்போர்டிலிருந்து நீலமும் மஞ்சளுமான ஒரு படிவத்தை எடுத்து, காரின் மூக்கின் மேல் விரித்தார். அது ஐரோப்பிய விபத்து அறிக்கை. அவருடையது பிரெஞ்சில், என் காரில் இருந்தது ஜெர்மனில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அதன் அழகு தெரிந்தது: கட்டங்களின் எண்களும் வரிசையும் எல்லா மொழியிலும் ஒன்றே. அவர் பிரெஞ்சுத் தாளில் விரல் வைக்கும் எண்ணை நான் ஜெர்மன் தாளில் படித்து நிரப்பினேன். எட்டாம் கட்டம் காப்பீட்டு நிறுவனம், ஒப்பந்த எண், பச்சை அட்டை எண் ஆகியவற்றைக் கேட்டது; ஒன்பதாம் கட்டம் ஓட்டியவரின் உரிம எண்ணையும், எந்த வகை வாகனத்துக்கு, எதுவரை செல்லும் என்பதையும் கேட்டது. ஃபார்ட்சோய்க்ஷைன் கையில் இருந்தது. காப்பீட்டு எண்ணுக்கு வழியில்லை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பி, அலமாரியில் தேடச் சொல்லி, தொலைபேசியில் ஒவ்வோர் எண்ணாக வாங்கி எழுதும்வரை அந்த முதியவர் வெயிலில் நின்றார். அன்றிலிருந்துதான் பச்சை அட்டை என் பையில் இருக்கிறது.

அந்தப் படிவத்தில் இரண்டு எச்சரிக்கை. பன்னிரண்டாம் கட்டத்தில் விபத்து நடந்த விதத்தைக் குறிக்கும் 17 வரிகள் இருக்கும். பொருந்துவதை மட்டும் குறியிட்டு, எத்தனை குறி என்ற எண்ணைக் கீழே எழுதிவிடுங்கள், பின்னர் யாரும் சேர்க்க முடியாது. உங்களுக்குப் புரியாத மொழியில் எதிராளி எழுதியதன் கீழ் கையொப்பமிடாதீர்கள். ஆளுக்குக் காயம் என்றாலோ, எதிராளி மறுத்தாலோ 112-ஐ அழையுங்கள். ஐரோப்பா முழுவதும் அதே எண்தான்.

சுவிஸ் நெடுஞ்சாலைக்கு விஞ்யெட் என்னும் சாலைக் கட்டண வில்லை வேண்டும். 40 ஃபிராங்; ஒரு நாள் போனாலும் அதே விலைதான். 2023 ஆகஸ்டிலிருந்து மின்னணு வடிவில் கார் எண்ணின் பேரில் வாங்கலாம், கண்ணாடியில் ஒட்ட வேண்டியதில்லை. நண்பர் ஏற்கெனவே வாங்கியிருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங் தண்டம், அதற்குமேல் விஞ்யெட்டின் விலையும். முக்கோணம், முதலுதவிப் பை, ஒளிரும் மேலாடை மூன்றும் காரில் இருக்க வேண்டும். மேலாடையை டிக்கியில் போடாமல் இருக்கைக்குக் கீழே வையுங்கள், இறங்கும் முன்பே அணிய வேண்டியது அது.

கடைசியாக, பயணத்தைவிட அவசரமான ஒன்று. உரிமம் மாற்றும் விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். நேரடியாக மாற்றிக்கொள்ளக்கூடிய நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் எழுதியே ஆக வேண்டும். கண் பரிசோதனை, ஒரு நாள் முதலுதவி வகுப்பு ஆகிய சான்றுகளும் வேண்டும். பயிற்சி வகுப்பு நமக்குக் கட்டாயமில்லை என்றாலும் சாலைத் தேர்வுக்கு ஒரு ஓட்டுநர் பள்ளியின் காரும் ஆசிரியரும் தேவைப்படும். எழுத்துத் தேர்வில் 30 கேள்விகள். ஆங்கிலத்திலும் எழுதலாம், தமிழில் கிடையாது. 20 ஆண்டு ஓட்டிய கையாக இருந்தாலும் ஆசிரியரோடு சில மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதைவிட, பலகை இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிடும் விதியில்தான் நம்மவர்கள் தோற்கிறார்கள். நான் முதல் முறை தோற்றதும் அதில்தான்.

ஜெர்மன் அட்டையைக் கையில் கொடுக்கும்போது இந்திய அட்டையை வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன் இருபுறமும் வண்ணப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் உள்ளே போய்விட்டால் கெடு நீளும் என்று மட்டும் எண்ண வேண்டாம். செப்டம்பர் முதல் வாரத்துக்கும் புது அட்டை வரும் நாளுக்கும் நடுவே எத்தனை வாரம் ஆனாலும், அந்த வாரங்களில் நீங்கள் ரயிலில்தான் போக வேண்டும்.