காலண்டர் அட்டைக்குள் யார்?

கேள்வி: வணக்கம் அம்மா. மலேசியாவில் கெடா மாநிலம், பாடாங் செராயில் இருக்கிறேன். வயது 38. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சின்ன வயதிலிருந்தே கல்கி என்றால் உயிர். ‘பொன்னியின் செல்வன்’ நான்கு முறை படித்துவிட்டேன். சாண்டில்யனில் கையில் கிடைத்ததெல்லாம் முடித்தாயிற்று. இனி யாரைப் படிப்பது என்று தேடினால் தெரிந்த பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழ்நாட்டிலிருந்து 7 புத்தகங்கள் வரவழைத்தேன். அதில் 5 புத்தகங்களை நாற்பது பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை. பணம்தான் வீண். வீட்டில் புத்தகம் பற்றிப் பேச ஆள் இல்லை. கணவருக்கும் ஒன்பது வயதுப் பையனுக்கும் அதில் நாட்டமில்லை. மாமியார் மட்டும் சாயங்காலமானால் வீட்டு முன்பக்கத்து அஞ்சடியில் உட்கார்ந்து, காலண்டர் தாளில் அட்டை போட்ட ஏதோ ஒரு புத்தகத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருப்பார். தோட்டத்துக் கதை போலிருக்கிறது. கல்யாணமாகி வந்த 11 வருடங்களாக இதைத்தான் பார்க்கிறேன். கல்கியைப் போல எழுதுகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும்.

பதில்: சகோதரி, இதே கேள்வி எனக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. பட்டியலும் கொடுத்திருக்கிறேன். வாங்கிப் போனவர்களில் பலர் ஆறு மாதம் கழித்து அதே கேள்வியோடு திரும்பி வந்தார்கள். அதனால் பட்டியல் பிறகு. முதலில் அந்தக் காலண்டர் அட்டையைப் பற்றிப் பேச வேண்டும்.

புத்தகத்துக்கு யார் அட்டை போடுவார்கள்? ஒரு தரம் படித்துவிட்டு மூலையில் போடுகிறவர் போடமாட்டார். காலண்டரின் வழவழப்பான தாளைப் பத்திரமாகக் கிழித்து, சாமி படம் உள்பக்கம் போகும்படி மடித்து, நான்கு மூலையையும் கத்தரித்து ஒட்டுகிறவர், இந்தப் புத்தகம் கிழியக் கூடாது, இன்னும் பல தடவை எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறவர். நீங்கள் ‘பொன்னியின் செல்வ’னை நான்கு முறை படித்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாமியார் அந்தப் புத்தகத்தை எத்தனை முறை படித்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? அதன் பெயராவது தெரியுமா?

தெரியாது. “தோட்டத்துக் கதை போலிருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் ‘போலிருக்கிறது’தான் என்னைச் சுட்டது. 11 வருடம் ஒரே அடுப்பில் சமைத்த சோறு, ஒரே கூரை. “வீட்டில் புத்தகம் பற்றிப் பேச ஆள் இல்லை” என்று ஒரு வரி எழுதிவிட்டு, இரண்டு வரி தள்ளி “மாமியார் மட்டும் படித்துக்கொண்டிருப்பார்” என்று எழுதும்போது உங்கள் கை நிற்கவில்லையா? உங்கள் கணக்கில் அவர் ஆள் இல்லையா?

விரல் வைத்துப் படிப்பதை ஒரு குறை போலச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வயதுத் தோட்டத்துப் பெண்கள் பலர், விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்கள். ரப்பர்ப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மரங்களின் நிறை நிறையாக நடந்தவர்கள். தோட்டப் பள்ளியில் நாலு, ஐந்து வகுப்போடு நின்றுபோனவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாவலை முடிக்கிறார் என்றால், அவர் நம்மைப் போலப் பக்கத்தைத் தாவுகிறவர் இல்லை. ஒவ்வொரு சொல்லிலும் நின்று போகிறவர். உங்கள் மாமியார் பால் வெட்டினாரா, எந்தத் தோட்டம், எத்தனை வருடம் என்று ஒரு வார்த்தைகூடக் கடிதத்தில் இல்லை. அதுவும் தெரியாதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மருமகள் எல்லாவற்றுக்கும் குனிந்து போக வேண்டும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதும், கிளினிக்குக்கு அழைத்துப் போவதும் பாதிக் கடமைதான் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அவர் எதைப் படித்துச் சிரிக்கிறார், எந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறார் என்று தெரிந்துவைத்திருப்பது மீதிப் பாதி.

என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில், மண்ணெண்ணெய் விளக்கில் நான் தொடர்கதை வாசிப்பேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். ஒரு நாள் வழக்கமான தொடர் வரவில்லை. வேறு ஒருவர் எழுதிய சிறுகதையை வாசித்தேன். கால்வாசி போயிருக்கும், அம்மா கையை நிறுத்திவிட்டார். “இவரு வேற ஆளு. ஆனா அவரு மாதிரிதான். இவரும் பொம்பளைங்க பேசி முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காரு” என்றார். இரண்டு கதையையும் எடுத்துப் பார்த்தேன். அந்தத் தொடரில் வருவது பட்டணத்துப் பணக்கார வீடு, இந்தக் கதையில் வருவது கிராமத்துக் குயவர் வீடு. ஒற்றுமை என்று நான் நினைத்த எதுவுமே அதில் இல்லை. ஆனால் அம்மா சொன்னது சரி.

நீங்கள் கேட்ட ‘போல’ என்பதற்கு எனக்குத் தெரிந்த பொருள் இதுதான். நீங்கள் கல்கிக்குப் பிறகு சோழர், குதிரை, வாள் என்று அட்டையைப் பார்த்து வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிடிக்காத ஐந்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முடித்த இரண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! அந்த இரண்டையும் எடுத்துக் கல்கிக்குப் பக்கத்தில் வையுங்கள். மூன்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த எழுத்தாளரைத் தேட வேண்டிய இடம் அதுதான்.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த தொடர். அடுத்த இதழுக்குக் காத்திருக்கிறவரை விடாமல் இழுத்துப் பிடிக்க எழுதியது. உங்களுக்குப் பிடித்தது அந்த இழுப்பா? அல்லது ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்தத் தண்ணீரும் மண்ணுமா? நந்தினியும் குந்தவையும் நேருக்கு நேர் நிற்கும்போது உண்டாகும் நடுக்கமா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

அதே கதை நீள வேண்டும் என்றால் விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’, கல்கி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் எழும்பியதைப் பார்க்க வேண்டும் என்றால் பாலகுமாரனின் ‘உடையார்’. அது வேறு நடை, கல்கியின் ஓட்டத்தை அதில் தேடாதீர்கள். காவிரிதான் உங்களைக் கட்டிப்போட்டது என்றால் ராஜா ராணியை விட்டுவிட்டுத் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளுக்குப் போங்கள். கும்பகோணத்து வீடுகள், சங்கீதம், மனதுக்குள் ஒளித்துவைத்த ஆசை. சோழர் யாரும் வரமாட்டார்கள். காவிரிக்கரை மட்டும் அதேதான்.

கடலும் கப்பலும் ஆபத்தும் வேண்டுமா? சாண்டில்யனின் ‘கடல் புறா’வைப் படித்திருப்பீர்கள். அதில் வரும் கடாரம் நீங்கள் குடியிருக்கும் கெடாதான். ராஜேந்திர சோழனின் கப்பல் படை 1025 வாக்கில் தாக்கிய கடாரத்தின் பழைய அடையாளங்கள், மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்களாகக் கிடக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து தூரமே இல்லை. பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அப்புறம் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுங்கள். 1972-இல் வந்தது. ஜப்பான்காரன் காலத்துச் சுமத்ராவின் மேடான், பினாங்கு, நடுவே கடல். ஆரம்பத்தில் நடை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உங்கள் நாற்பது பக்கக் கணக்கை அங்கே காட்டாதீர்கள், நூறு பக்கம் கொடுங்கள்.

இன்னொரு வழி, ஓர் எழுத்தாளர் யாரோடு பழகினார் என்று பார்ப்பது. கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இடைசெவல் என்கிற ஒரே ஊர்க்காரர்கள், சிநேகிதர்கள். ஒருவர் பிடித்துப்போனால் இன்னொருவர் பெரும்பாலும் ஏமாற்றமாட்டார். அழகிரிசாமி 1950களில் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தார். இங்கே எழுத வந்த இளைஞர்களுக்குச் சிறுகதை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் நம் நாட்டு எழுத்துக்கே வந்து சேர்வீர்கள்.

நீங்கள் ‘தோட்டத்துக் கதை’ என்று ஒதுக்கியது அதைத்தான். உங்கள் மாமியார் மடியில் இருப்பது எது என்று எனக்குத் தெரியாது. அகிலன் நம் ரப்பர்த் தோட்டங்களை வைத்து எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’யாக இருக்கலாம். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, இரண்டில் ஒன்றாக இருக்கலாம். 1942, 43-இல் ஜப்பானியர் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட, நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. அந்தக் கதை அது. சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ என்றால் உங்கள் கெடாக்காரர் எழுதியது. 2017-இல் தமிழ்நாட்டில் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கொடுத்துக் கொண்டாடினார்கள். அங்கேயிருந்து தேடி வந்து மதிக்கிறார்கள். இங்கே பக்கத்து ஊரில் இருந்துகொண்டு நாம் ‘தோட்டத்துக் கதை’ என்கிறோம்.

வந்தியத்தேவன் ஓலையைப் பத்திரப்படுத்தப் பட்ட பாட்டைப் படித்துப் பதறுகிற உங்களுக்கு, மரண ரயிலுக்குப் போன கணவன் வருவான் என்று லயத்து வாசலில் காத்திருந்தவளின் கதை பிடிக்காது என்று நான் நம்பவில்லை. நீங்கள் திறந்தே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, இனி செய்ய வேண்டியது. வேலை விட்டு வந்ததும் இரண்டு குவளை தேநீர் கலக்கி, கைத்தொலைபேசியை உள்ளே வைத்துவிட்டு அஞ்சடிக்குப் போங்கள். “என்ன படிக்கிறீங்க அத்தை?” என்று போகிற போக்கில் கேட்காதீர்கள். 11 வருடம் கேட்காத மருமகள் திடீரென்று கேட்டால், “சும்மா, ஏதோ பழைய புத்தகம்” என்றுதான் பதில் வரும். “அத்தை, எனக்குப் படிக்க ஒண்ணும் கிடைக்கல. உங்களுக்கு ரொம்பப் புடிச்ச எடத்த எனக்கு வாசிச்சுக் காட்டுங்க” என்று கேளுங்கள். அவர் விரல் நகரும் வேகத்தில் வாசிக்கட்டும். நடுவில் திருத்த வேண்டாம். பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவனுக்கு நாட்டமில்லை என்கிறீர்கள், அவன் முன்னால் யாராவது வாசித்துக் காட்டினீர்களா? பாட்டி குரலில் அவன் கேட்கட்டும்.

பிறகு அவரையே கேளுங்கள், இவரைப் போல வேறு யாரையெல்லாம் படித்திருக்கிறார் என்று. நீங்கள் என்னிடம் கேட்ட பட்டியல் அவரிடம் இருக்கலாம். உங்கள் ‘பொன்னியின் செல்வ’னையும் எடுத்துப் போய் அவர் கையில் கொடுங்கள்.

அந்த அட்டையை மட்டும் நீங்களாகப் பிரிக்காதீர்கள். பிரிக்க மனம் வந்து அவரே பிரித்தால், உள்பக்கம் பாருங்கள், எந்த வருடத்துக் காலண்டர் என்று போட்டிருக்கும். புத்தகத்தின் பெயரோடு அந்த வருடத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.