புள்ளியைச் சேர்த்தது போதும், செலவழியுங்கள்: விமானப் பயணக் கேள்வி-பதில்

கோடை விடுமுறைக்கு டிக்கெட் தேடத் தொடங்கும் நேரம். பறக்கும்போது விமான நிறுவனங்கள் நம் கணக்கில் சேர்க்கும், பிறகு டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய மைல்கள், புள்ளிகள் பற்றிய கேள்விகள் குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். நானும் கணவரும் ஆண்டுக்கு இருமுறை போய்வருகிறோம். எந்த விமானம் மலிவோ அதில்தான் ஏறுவோம். நான்கு திட்டங்களில் உறுப்பினராகிவிட்டோம். எதிலும் ஒரு டிக்கெட்டுக்குத் தேறவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, கொளத்தூர்

நான்கு இடத்தில் பிரித்துப் போட்டதுதான் காரணம். உங்கள் பயணம் ஒரே ஊருக்கு என்பதால் ஒரே கணக்கு போதும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் மலிவு விமானமான ஸ்கூட்டில் பறந்தாலும் அதே கணக்கில் சேரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் ஏர் இந்தியாவும் 2014-இல் சேர்ந்துவிட்டதால், அதில் பறக்கும்போதும் கிரிஸ்ஃபிளையர் எண்ணைக் கொடுக்கலாம். ஆனால் மிக மலிவான கட்டண வகுப்புகளில் கூட்டணி நிறுவனத்தில் பறப்பதற்குக் கிடைக்கும் மைல் சொற்பம். சிலவற்றில் ஒன்றுமே கிடைக்காது. டிக்கெட் எடுக்கும் முன் கட்டண வகுப்பைக் குறிக்கும் ஆங்கில எழுத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு பயணத்துக்கு ஒரு திட்டத்தில் மட்டுமே புள்ளி ஏறும், பறந்தவர் கணக்கில் மட்டுமே ஏறும். எனவே உங்கள் இருவருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். இருவர் மைலையும் கூட்டி ஒரே டிக்கெட் எடுக்க கிரிஸ்ஃபிளையரில் வழி இல்லை. ஆனால் உங்கள் மைலில் இன்னொருவருக்கு டிக்கெட் எடுக்கலாம். அதற்காக ஐந்து பேர் வரை பெயர் பதிந்துவைக்கலாம். கணவரை உங்கள் பட்டியலிலும் உங்களை அவர் பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள். போகும் டிக்கெட்டுகளை இருவருக்கும் உங்கள் கணக்கிலிருந்தும், திரும்பும் டிக்கெட்டுகளை அவர் கணக்கிலிருந்தும் எடுங்கள். ஒருவழி டிக்கெட்டாக எடுக்க முடியும் என்பதால் இது கச்சிதமாக அமையும்.

இந்தத் திட்டத்தில் மைலின் ஆயுள் மூன்று ஆண்டு. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறையான ஜூன், டிசம்பர் மாதங்களில் மைலுக்கு இருக்கை கிடைப்பது அரிது. பயணத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே முன்பதிவு திறக்கிறது; அப்போதே பார்த்துவிட வேண்டும்.

ஐரோப்பா போய்வந்தேன். முன்பதிவிலேயே உறுப்பினர் எண்ணைக் கொடுத்தேன். இரண்டு மாதமாகியும் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. போன் செய்தால் 'பெயர் பொருந்தவில்லை' என்கிறார்கள். என் பெயர் எப்படி எனக்கே பொருந்தாமல் போகும்?
– ஒரு வாசகர், வேளச்சேரி

உங்கள் கோபம் நியாயமானது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். சிலருடைய பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். சிலருக்கு இனிஷியல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். உறுப்பினர் கணக்கைத் திறக்கும்போது நாம் வழக்கமாகக் கையெழுத்துப் போடும் பெயரை, இனிஷியலோடு, எழுதிவிடுகிறோம். டிராவல் ஏஜென்ட்டோ பாஸ்போர்ட்டைப் பார்த்து டிக்கெட் போடுகிறார். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். குடும்பப் பெயர் இல்லாதவர்களின் டிக்கெட்டில் அதே பெயரை இருமுறை போடும் நிறுவனங்களும் உண்டு. குழப்பம் இன்னும் கூடும்.

பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே உறுப்பினர் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகலை அனுப்பினால் திருத்தித் தருவார்கள். பிறகு விடுபட்ட புள்ளிக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு ஆறு எழுத்து முன்பதிவு எண் போதாது; 13 இலக்க இ-டிக்கெட் எண் வேண்டும். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தைக் குறிக்கும்: 098 என்றால் ஏர் இந்தியா, 220 என்றால் லுஃப்தான்சா, 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். போர்டிங் பாஸையும் கேட்பார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கியதுமே அதைக் கிழித்துப் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். புள்ளி ஏறும்வரை பத்திரப்படுத்துங்கள், போட்டோவாவது எடுத்துவையுங்கள். விண்ணப்பிக்கக் காலக்கெடு உண்டு, பெரும்பாலும் சில மாதங்கள்தான். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

பெயர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. துபாய் போகும் எண்ணம் இருந்தால் டிக்கெட்டுக்கு முன் பாஸ்போர்ட்டைக் கவனியுங்கள்.

புள்ளிகளைக் கொடுத்து லண்டன் டிக்கெட் எடுக்கப் போனால், மேற்கொண்டு பெரும் தொகை கேட்கிறது. இலவசம் என்றுதானே சொன்னார்கள்?
– ஒரு வாசகர், அண்ணா நகர்

புள்ளி அடிப்படைக் கட்டணத்தை மட்டுமே ஈடுகட்டும். விமான நிலையக் கட்டணம், அரசு வரி, சில நிறுவனங்கள் வசூலிக்கும் கூடுதல் கட்டணம் எல்லாம் ரூபாயில் கட்ட வேண்டும். லண்டனில் இது உறைக்கக் காரணம், பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணிகளுக்கு அந்நாட்டு அரசு விதிக்கும் விமானப் பயண வரி. பிசினஸ் வகுப்பில் இந்த வரி எகானமியைப் போல இருமடங்குக்கும் மேல். எனவே பிசினஸ் வகுப்பு ஆசை இருந்தால் சென்னையிலிருந்து போகும்போது அனுபவியுங்கள், திரும்பும்போது எகானமியில் வாருங்கள். எகானமியில் வரும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த வரி கிடையாது. அது சேர்ந்திருந்தால் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்.

புள்ளியில் எடுப்பது லாபமா என்று பார்க்கச் சிறிய கணக்கு போதும். ஒரு டிக்கெட் பணமாகக் கொடுத்தால் 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புள்ளியில் எடுத்தால் 20,000 புள்ளியும் 9,000 ரூபாயும் கேட்கிறார்கள். மிச்சமாவது 13,000 ரூபாய். அதை 20,000-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 65 காசு. இதே புள்ளிகள் வேறொரு தேதியில், வேறொரு ஊருக்கு ஒரு ரூபாய்க்கு மேல் மதிப்புத் தந்தால், இந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் டிக்கெட் விலை எகிறியிருக்கும் நாட்களில்தான் புள்ளியின் அருமை தெரியும்.

கிரெடிட் கார்டில் நிறையப் புள்ளி இருக்கிறது. எல்லாவற்றையும் விமானக் கணக்குக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

வேண்டாம். மாற்றினால் திரும்பி வராது. கார்டில் இருக்கும்வரை பல நிறுவனங்களில் எதற்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அனுப்பிய பின் ஒரு நிறுவனத்துக்குள் அடைபட்டுவிடும், அங்கே காலாவதித் தேதியும் ஓடத் தொடங்கும். உங்களுக்கு வேண்டிய தேதியில் புள்ளிக்கு இருக்கை இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, தேவையான அளவு மட்டும் மாற்றுங்கள். மாறி வந்து சேரச் சில நாட்கள்கூட ஆகலாம்.

புள்ளிக்கு மிக்ஸி, கிஃப்ட் வவுச்சர் எல்லாம் தருகிறார்களே?
– ஒரு வாசகர், பெரம்பூர்

அநேகமாக நஷ்டம். மேலே சொன்ன வகுத்தல் கணக்கை மிக்ஸியின் கடைவிலைக்கும் போட்டுப் பாருங்கள். காலாவதியாக ஒரு வாரமே இருக்கிறது, பயணமும் இல்லை என்றால் மட்டும் வாங்குங்கள்.

அலுவலகச் செலவில் பறக்கிறேன். புள்ளி எனக்கா, கம்பெனிக்கா?
– ஒரு வாசகர், சிறுசேரி

விமான நிறுவனத்தைப் பொறுத்தவரை பறந்தவருக்கு. உங்கள் அலுவலக விதி வேறுமாதிரி இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றதும் மனைவியோடு பிசினஸ் வகுப்பில் அமெரிக்கா போக வேண்டும் என்று வருடக்கணக்காகப் புள்ளியைத் தொடாமல் வைத்திருக்கிறேன். சரிதானே?
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

உங்கள் ஆசையை மதிக்கிறேன்; வழி தவறு. வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி உண்டு. புள்ளிக்கு வட்டி கிடையாது, தேய்மானம்தான் உண்டு. நேற்று 50,000 புள்ளிக்குக் கிடைத்த டிக்கெட்டை நாளை 60,000 என்று மாற்றும் உரிமையை விதிமுறையிலேயே நிறுவனங்கள் வைத்துக்கொண்டிருக்கின்றன.

நிறுவனமே நின்றுபோவதும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. கிங்ஃபிஷர் 2012-இல் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. ஜெட்டின் புள்ளித் திட்டத்தைத் தனி நிறுவனம் நடத்திவந்ததால் அது இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறிப் பிழைத்தது. ஆனால் அந்தப் புள்ளியைச் சேர்த்தவர்கள் ஏற நினைத்த ஜெட் விமானம் இல்லை. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது புள்ளிகள் புதிய கணக்குக்கு வந்து சேர்ந்தன, விதிகள் மாறின.

காலாவதி விதியும் இடத்துக்கு இடம் வேறு. கிரிஸ்ஃபிளையரில் மூன்று ஆண்டு முடிந்தால் போய்விடும், இடையில் எத்தனை முறை பறந்தாலும் சரி. எமிரேட்ஸில் மூன்றாவது ஆண்டில் உங்கள் பிறந்த மாதத்தின் கடைசி நாள் கெடு. பிரிட்டிஷ் ஏர்வேஸும் கத்தார் ஏர்வேஸும் தரும் ஏவியோஸ் என்ற புள்ளிகளுக்கு, 36 மாதத்துக்குள் சிறிதளவு சேர்த்தாலோ செலவழித்தாலோ ஆயுள் நீளும். உங்கள் கணக்கைத் திறந்து, முதலில் காலாவதியாகப் போகிறவை எவை என்று இன்றே பாருங்கள். ஓய்வு பெறும்வரை காத்திருக்காமல், அடுத்த ஆண்டே இருவருமாகக் கொழும்புக்கோ கோலாலம்பூருக்கோ பிசினஸ் வகுப்பில் போய்வாருங்கள்.

தெரிந்தவர் ஒருவர் அடுத்தவர் புள்ளியில் பாதி விலைக்கு டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?
– ஒரு வாசகி, போரூர்

கூடவே கூடாது. உறுப்பினர்கள் தங்கள் புள்ளியை அடுத்தவருக்கு விற்பதும், அதை வாங்குவதும் பொதுவாகத் திட்டங்களில் தடை செய்யப்பட்டது. கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்து செய்வார்கள். செக்-இன் கவுன்டரில் பெட்டியோடு நிற்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். அந்தப் புள்ளி யாருடைய கணக்கிலிருந்தாவது திருடியதாகவும் இருக்கலாம். உங்கள் கணக்கின் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் எந்த ஏஜென்ட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

அப்பா சமீபத்தில் காலமாகிவிட்டார். அவர் கணக்கில் புள்ளிகள் இருக்கின்றன. பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம். அவர் பெயரில் உள்ளே நுழைந்து டிக்கெட் எடுக்காதீர்கள். பிறகு தெரியவந்தால் பயணமும் கெடும், புள்ளியும் போகும். நிறுவனத்துக்கு முறையாக எழுதுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அவருடைய உறுப்பினர் எண் ஆகியவற்றை இணைத்து, உங்கள் தாயார் கணக்குக்கோ உங்கள் கணக்குக்கோ மாற்றித்தரக் கேளுங்கள். சில திட்டங்கள் மறுக்கும், சில கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றித்தரும். கேட்காதவர்களுக்கு மட்டும் நிச்சயமாகக் கிடைக்காது. அவர் பெயரில் இன்னும் பறக்காத டிக்கெட் ஏதேனும் இருந்தால் அதற்குத் தனியாக விண்ணப்பியுங்கள். திருப்பித்தராத வகை டிக்கெட்டாக இருந்தாலும், இறப்புச் சான்றிதழைக் காட்டிப் பணத்தைக் கேட்டுப் பாருங்கள்.