அடுப்படிக் கேள்விகள்: ஆளி விதை பான்கேக்

கேள்வி: சாப்பாட்டில் மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட்டை) குறைக்க, மைதாவை நிறுத்திவிட்டு முழுக்க ஆளி விதைப் பொடியிலேயே பான்கேக் செய்து பார்த்தேன். கரைத்த மாவு நேரம் ஆக ஆகக் கெட்டியானது. தண்ணீர் விட்டேன், மறுபடியும் கெட்டியானது. சுட்டால் வெளியே கருகல், உள்ளே கொழகொழ. எங்கே தவறு?

பதில்: இரண்டாவது முறை தண்ணீர் விட்டீர்களே, அங்கேதான். ஆளி விதையின் தோலில் உள்ள ஒருவகை நார்ச்சத்து, தண்ணீர் பட்டதும் வழவழப்பான பசையாகிவிடும். எவ்வளவு ஊற்றினாலும் குடித்துக்கொள்ளும். ஆனால் சூட்டில் அதைச் சுலபமாக வெளியே விடாது. மேல்பக்கம் சிவந்த பிறகும் உள்ளே அந்த ஈரம் அப்படியே நிற்கும்.

ஆளி விதைப் பொடி பார்க்கத்தான் மாவு. மைதாவில் இருக்கும் ஸ்டார்ச்சும் குளூட்டன் என்ற புரதமும் வேகும்போது இறுகி, பான்கேக்குக்கு உடம்பு கொடுக்கின்றன. ஆளி விதையில் குளூட்டன் கிடையாது, ஸ்டார்ச்சும் பேருக்குத்தான். 100 கிராமில் மாவுச்சத்துக் கணக்கில் வருவது சுமார் 29 கிராம். அதில் 27 கிராம் நார்ச்சத்து. நீங்கள் இதைத் தேடி வந்த காரணமும் அதுதான், அது பான்கேக்காக நிற்க மறுக்கும் காரணமும் அதுதான். ஆகவே பிடித்து நிறுத்துகிற வேலையை முட்டையிடம் விடுங்கள்.

நான் எடுக்கும் அளவு இது: ஆளி விதைப் பொடி கால் கப், பாதாம் மாவு கால் கப், முட்டை 2, பால் 3 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. வாசனைக்குப் பட்டைப் பொடியோ வெனிலாவோ. (வெனிலாவைவிட மிளகும் நறுக்கிய வெங்காயத்தாளும் போட்ட உப்பு பான்கேக்தான் எனக்குப் பிடிக்கும். ஆளி விதையின் லேசான கசப்புக்கு இனிப்பைவிட உப்பு நன்றாகப் பொருந்துகிறது.) பொடிகளை முதலில் கலந்துவிடுங்கள். முட்டையையும் பாலையும் தனியாக அடித்து அதில் ஊற்றி, ஐந்து நிமிடம் மட்டும் விடுங்கள். கரண்டியிலிருந்து தொப்பென்று விழுகிற பதம் வரும். இதற்கு மேல் இளக்க வேண்டாம். பயந்து ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினால் பழைய கதைதான்.

அப்புறம் தீ. குறைந்த தீ, மூடி போட்ட தவா, உள்ளங்கையைவிடச் சிறிய வட்டம். பெரிதாக ஊற்றினால் திருப்பும்போது இரண்டாகப் பிளக்கும். மைதா பான்கேக்கில் மேலே குமிழி வெடித்ததும் திருப்பிப் பழகியிருப்போம். இதில் குமிழி அவ்வளவாக வராது. ஓரத்தைப் பாருங்கள். ஈரப் பளபளப்பு போய் மங்கலாகி, தட்டைக் கரண்டியை அடியில் நுழைத்தால் முழு வட்டமும் சேர்ந்து நகர வேண்டும். ஓரம் மட்டும் சுருண்டு எழுந்தால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். இந்த அளவில் சின்னதாக நான்கு வரும், இரண்டு பேருக்குச் சரி. நார்ச்சத்தைக் கழித்தால் ஆளுக்கு மூன்று, நான்கு கிராம் மாவுச்சத்துதான். வெறும் அரை கப் மைதாவிலேயே 45 கிராமுக்கு மேல் இருக்கிறது.

கேள்வி: பொடிக்காமல் முழு விதையாகப் போடலாமா?

பதில்: போடலாம், உள்ளே போன மாதிரியே வெளியே வந்துவிடும். தோல் உடையாவிட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் உடம்பில் சேராது. ஈரமில்லாத சின்ன மிக்ஸி ஜாரில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எண்ணெய் கசிந்து ஜாரின் அடியில் அப்பிக்கொள்ளும்.

பொடித்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஓவியர்கள் சாயத்தில் கலக்கும் லின்சீட் எண்ணெய் இதே விதையிலிருந்து எடுப்பதுதான். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும் குணம் ஓவியத்துக்கு வரம், உங்கள் டப்பாவுக்குக் கேடு. நல்ல பொடியில் கொட்டை வாசம் வரும். பெயிண்ட் நெடி அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. ஆளி விதையையே முட்டைக்குப் பதிலாகப் போடலாம் என்கிறார்களே?

பதில்: ஒரு மேசைக்கரண்டி பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் ஒரு முட்டைக்கு ஈடு என்பது கேக், பிஸ்கட்டுக்குச் சரி. அங்கே இறுகுவதற்கு மாவு இருக்கிறது. மேலே சொன்ன கலவையில் அதையே செய்தால் பசைக்குமேல் பசை, அவ்வளவுதான். முட்டை இல்லாமல் செய்ய இந்த அளவு: கால் கப் கடலை மாவு, ஆளி விதைப் பொடி 2 மேசைக்கரண்டி, பாதாம் மாவு 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர், உப்பு, அரை கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். கடலை மாவு சூட்டில் நன்றாக இறுகும். மாவுச்சத்து முட்டை வகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். அப்படியும் மைதாவுக்குப் பக்கத்தில் வராது.

கேள்வி: மேலே தேன் ஊற்றிச் சாப்பிடுகிறோம். தேன் இயற்கைதானே? வாழைப்பழம், ஓட்ஸ் சேர்த்தால் இன்னும் சத்தாக இருக்காதா?

பதில்: ஒரு மேசைக்கரண்டி தேனில் 17 கிராம் சர்க்கரை. உங்கள் தட்டில் உள்ள பான்கேக் மொத்தத்திலும் இருப்பதைப் போல நான்கு மடங்கு. அது தேனீ சேர்த்ததா, ஆலையில் வந்ததா என்று ரத்தம் விசாரிப்பதில்லை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 27 கிராம் மாவுச்சத்து. அரை கப் ஓட்ஸிலும் அவ்வளவே. இரண்டும் நல்ல உணவுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அதற்கு லோ-கார்ப் (மாவுச்சத்து குறைந்த உணவு) என்று பெயர் வைக்காதீர்கள். இனிப்பு வேண்டுமென்றால் கெட்டித் தயிரோடு நாலைந்து ஸ்ட்ராபெர்ரி.

கேள்வி: இதைச் சாப்பிட்டால் எடை குறையுமா?

பதில்: மாவுச்சத்து குறைவு என்றால் கலோரியும் குறைவு என்று அர்த்தமில்லை. ஆளி விதை 100 கிராமில் 530 கலோரிக்கு மேல். மைதாவில் 360 சொச்சம்தான். நாரும் புரதமும் இருப்பதால் சீக்கிரம் வயிறு நிறையும், அடுத்த பசி தள்ளிப்போகும். அந்த வழியில் உதவலாம். இரண்டோடு நிறுத்துகிறவருக்கு மட்டும்.

கேள்வி: மீன் சாப்பிடாதவர்களுக்கு ஒமேகா-3 கொழுப்புக்கு இது போதுமா?

பதில்: ஆளி விதையில் இருப்பது ஏ.எல்.ஏ. என்ற வகை. மீனில் கிடைக்கும் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. வகைகளாக அதில் சிறு பங்கைத்தான் உடம்பு மாற்றிக்கொள்ளும். நல்லதுதான், மீனுக்கு முழு ஈடு ஆகாது.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய், மாத்திரையும் இன்சுலினும் உண்டு. தினமும் இதையே காலை உணவாகக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. வழக்கமான காலை உணவின் மாவுச்சத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் மருந்தின் அளவு இருக்கும். சாப்பாட்டில் மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்துவிட்டு மருந்தைப் பழையபடியே எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மாத்திரைகளோடு ஒரே நேரத்தில் கொடுக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடலாமா என்றும் கேளுங்கள். இந்தப் பசை மருந்து உடம்பில் சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடும். சாப்பாட்டுக்கு முன்பே எடுக்க வேண்டிய மாத்திரை இருந்தால் நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், குடலில் அடைப்போ சுருக்கமோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மற்றவர்களும் முதல் நாளே தட்டு நிறைய வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இல்லாவிட்டால் வயிறு உப்பும், பழி பான்கேக் மேல் விழும்.

கேள்வி: பழுப்பு விதையா, பொன்னிற விதையா?

பதில்: சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பழுப்பு என்றால் பான்கேக் கொஞ்சம் கறுத்திருக்கும், அவ்வளவே.

கேள்வி: காலையில் நேரமில்லை. இரவே கரைத்து வைக்கலாமா?

பதில்: கூடாது, காலையில் களிதான் இருக்கும். பொடிகளை மட்டும் கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதுவும் முடியாதென்றால் மொத்தமாகச் சுட்டு ஆறவிட்டு, ஒட்டாத காகிதத்தை நடுநடுவே வைத்து ஃப்ரீசரில் அடுக்குங்கள். எடுத்ததும் எண்ணெய் விடாமல் தவாவில் மூடி போட்டுச் சூடாக்கினால் போதும். மைக்ரோவேவில் ரப்பராகிவிடும்.