ஒட்டுக்கட்டிய தோலுக்கு ஏன் உறிஞ்சும் இயந்திரம்?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. சந்தூரில் மாஞ்செடி ஒட்டுக்கட்டுகிறார். தொப்பூர் கணவாயில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து, தசைநாண் வெளியே தெரிகிறது. செயற்கைத் தோல் வைத்து, அதன்மேல் உறிஞ்சும் இயந்திரமும் பொருத்த வேண்டும் என்கிறார்கள். சர்க்கரை நோயும் உண்டு. இரண்டும் எதற்கு? புண்ணைக் காற்றாட விட்டால் ஆறாதா?
– வாசகி, போச்சம்பள்ளி

பதில்: காற்றாட விட்டால் தசைநாண் காய்ந்து செத்துவிடும் அம்மா. அதை மட்டும் செய்யாதீர்கள்.

மற்றதற்கு உங்கள் அப்பாவிடமே விடை இருக்கிறது. ஒட்டுக்குச்சியைச் செருகியதும் பாலிதீன் பட்டையால் இறுக்கிச் சுற்றுகிறாரே, ஏன்? நீர் இறங்கக் கூடாது, குச்சி அசையக் கூடாது. இந்த இயந்திரம்தான் அந்தப் பட்டை.

செயற்கைத் தோல் என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். பெரும்பாலும் அது மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தால் செய்த மெல்லிய சல்லடை. சிலவற்றின் மேல் ஒரு சிலிகான் படலம் இருக்கும். (மாட்டுப் பொருள் கூடாதென்று நினைப்பவர்கள் முன்பே சொல்லிவிடலாம், வேறு வகைகளும் உண்டு.) அதற்குச் சொந்த இரத்தக் குழாய் கிடையாது. அப்பாவின் காலிலிருந்துதான் குழாய்கள் முளைத்து அதற்குள் ஏற வேண்டும். அதற்குப் பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும். அடியில் ஒரு கரண்டி நீர் தேங்கினாலும், காலை அசைக்கும்போது சற்றே நழுவினாலும், அந்த இடம் ஒட்டாது. மேலே நுரைப்பஞ்சு வைத்து, காற்றுப் புகாமல் படலம் ஒட்டி, பெரும்பாலும் 125 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குள் உறிஞ்சும்போது, நீரும் வெளியேறும், தோலும் அசையாமல் படிந்திருக்கும்.

இதோடு முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சிலிகான் வகை என்றால் பிறகு படலத்தை உரித்து, தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டும் இரண்டாவது அறுவை சிகிச்சையும் உண்டு. செலவு பேசும்போதே இதைக் கேளுங்கள்.

சர்க்கரை நோயாளி என்பதால், எனக்கு இயந்திரத்தைவிடப் பாதத்தின் நாடிதான் முக்கியம். இரத்த ஓட்டம் குறைந்த காலில், கறுத்த சதையும் சீழும் உள்ள புண்ணில், எவ்வளவு விலையுயர்ந்த தோலும் வீண். புண்ணைச் சுத்தம் செய்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே வைக்க வேண்டும். பீடி பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இயந்திரம் ஓடும்போது நுரைப்பஞ்சு உலர்ந்த திராட்சைபோல் சுருங்கிக் கெட்டியாக இருக்கும். அது உப்பி, உஸ்ஸென்று சத்தம் வந்தால் எங்கோ கசிகிறது. குழாயில் சிவப்பாக இரத்தம் மளமளவென்று வந்தால் இயந்திரத்தை நிறுத்தி, கட்டின்மேல் அழுத்திப் பிடித்தபடி உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். 2 மணி நேரத்துக்குமேல் இயந்திரம் நின்றிருந்தாலும் அறுவை சிகிச்சை செய்த மருத்துவரை அழையுங்கள். நீங்களாகக் கட்டைப் பிரிக்காதீர்கள், பஞ்சோடு தோலும் கையோடு வந்துவிடும். மின்வெட்டின்போது பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.